உப்பங்கழியின் தரை

சுராயா: இன்னும் எத்தினி படிங்க? ஏணி ஆடுது.

கிஃபாயத்துல்லா: நாலே நாலு. கீழ பாக்காத… அவ்ளோதான், வந்துட்ட. செருப்பக் கழட்டிடு, சேறு இழுத்துக்கும்.

சுராயா: யா அல்லா… இதுதானா கழியோட தரை? சில்லுனு கீது.

கிஃபாயத்துல்லா: கோவளத்துல பொறந்தவ நீ. இதுக்கு மேல எத்தினி தடவ படகுல போயிருப்ப.

சுராயா: அடியில காலு வெப்பேன்னு யாரு கண்டாங்க? சுத்தியும் தண்ணி நிக்குது, நடுவுல நாம ரெண்டு பேரும் காஞ்ச தரையில… கனவு மாதிரி கீதுங்க.

கிஃபாயத்துல்லா: சும்மாவா? சுத்தியும் இரும்புத் தகட்ட அடிச்சு எறக்கி, உள்ள கெடந்த தண்ணிய எறச்சிருக்கோம். இன்னமும் ஊறிகினேதான் கீது. நமக்கு ஞாயித்துக்கிழமை லீவு, பம்புக்கு ஏது? மேல கேசவன் பாத்துக்கறான்.

சுராயா: நாளைக்கு இங்க இன்னா வேலை?

கிஃபாயத்துல்லா: எட்டுப் பேரு எறங்கி, புதுப் பாலத்துத் தூணுக்கு கான்கிரீட் போடறாங்க. கூட ஒருத்தன் நிக்கணும். பம்பு சத்தம் மாறினாலும், தகட்டு இடுக்குல தண்ணி சீறினாலும் விசில் ஊதணும். ஊதினா அத்தினி பேரும் மேல ஏறிடணும்.

சுராயா: அந்த ஒருத்தரு நீங்க.

கிஃபாயத்துல்லா: இது நல்லபடியா முடிஞ்சா அடுத்த பாலத்துக்கும் நான்தான்னு இன்ஜினியர் சொல்லிக்கீறாரு.

சுராயா: அப்போ எட்டு உசுரும் ஒங்க காதுல கீது.

கிஃபாயத்துல்லா: …ஆமா.

சுராயா: விசில் எங்க? கழுத்துல காணோமே.

கிஃபாயத்துல்லா: கயிறு கழுத்த அறுத்துகினு இருந்துச்சு, கழட்டி வெச்சேன்.

சுராயா: தகட்டுல காத வெச்சா அலை தட்டறது கேக்குதுங்க. யாரோ வூட்டுக் கதவ மெதுவாத் தட்டற மாதிரி…

கிஃபாயத்துல்லா: …

சுராயா: இன்னாங்க? ஒங்களத்தான்.

கிஃபாயத்துல்லா: ஹான்? அந்தப் பக்கம் பாத்துப் பேசாத, இப்படித் திரும்பு.

சுராயா: எப்பப் பாத்தாலும் ஏன் என் மூஞ்சியவே பாக்கறீங்க?

கிஃபாயத்துல்லா: பொண்டாட்டியப் பாக்காம சேத்தையா பாப்பாங்க?

சுராயா: போங்க… வெளிய மீனெல்லாம் நம்ம தலை உசரத்துல நீந்திகினு இருக்கும், இல்ல?

கிஃபாயத்துல்லா: தலைக்கு மேலயும்தான். பன்னண்டு அடி தண்ணி.

சுராயா: இங்கயே ஒரு வூட்டக் கட்டிகினு இருந்துடலாம் போல கீது. ஒருத்தரும் தேடி வரமாட்டாங்க.

கிஃபாயத்துல்லா: பம்பு சத்தத்துல ஒனக்குத் தூக்கம் வருமா?

சுராயா: பம்பு… இப்போ நல்லா ஓடுதுங்களா?

கிஃபாயத்துல்லா: ஜோரா ஓடுது. இன்னாம்மா, கண்ணு கலங்குது?

சுராயா: கோச்சுக்காதீங்க. நாம எறங்கினதும் பம்ப நிறுத்தச் சொல்லி கேசவன் அண்ணன்கிட்ட நான்தான் கேட்டுகினேன். கொஞ்ச நேரம் நின்னா ஒண்ணும் ஆவாதுன்னாரு. நின்னு பத்து நிமிஷம் ஆச்சுங்க. ஒங்களுக்குக் காது கேக்கலன்னு நோன்பு மாசத்துலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. முன்னெல்லாம் பள்ளிவாசல் பாங்கு சத்தத்துக்கு எழுந்துக்குவீங்க. இப்போ நான் தட்டினாத்தான் எழுந்துக்கறீங்க. எப்படிச் சொல்றதுன்னு பயந்துகினே இருந்தேன். வேலை போனா போவட்டும். அந்த எட்டுப் பேருக்கும் வூடு வாசல் கீதுங்க…

கிஃபாயத்துல்லா: என் காலப் பாரு. எது மேல வெச்சிகினு கீறேன்?

சுராயா: ரப்பர் குழாய் மேல.

கிஃபாயத்துல்லா: பம்பு ஓடினா குழாய் துடிக்கும். ரெண்டு மாசமா எனக்குக் காது இதான். நின்ன நிமிஷமே தெரிஞ்சிடுச்சு.

சுராயா: அப்புறம் ஏன் ஓடுதுன்னீங்க?

கிஃபாயத்துல்லா: நின்னுடுச்சுன்னு சொன்னா ஒடனே நாம மேல ஏறணுமே. இன்னும் கொஞ்ச நேரம் ஒங்கூட இங்க இருக்கலாமேன்னு…

சுராயா: காலே போதும்னு நாளைக்கும் எறங்கிடுவீங்களா? தகட்டுல தண்ணி சீறினா காலுக்குத் தெரியுமா?

கிஃபாயத்துல்லா: தெரியாது. அதான் இன்னிக்குக் காலையிலயே இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டு, விசில கேசவன் கழுத்துல மாட்டிட்டேன். இனிமே என்னை உள்ள விடமாட்டாங்க, சுராயா… அதுக்குள்ள ஒனக்கு இந்தத் தரைய ஒரு தடவ காட்டிடணும்னுதான் இட்டாந்தேன்.