யுவனேஸ்வரியின் மாத்திரையை நிறுத்தியது யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் தோட்ட மேனேஜர் அவர்களே, தோட்டக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெசர் முருகையா அவர்களே, கொழுந்தெடுத்த ஈர உடுப்போடு வந்து நிற்கும் என் தோழர்களே!

கீழே நிற்பவர்களுக்கு என் வணக்கம். மேடைக்கு வணக்கம் சொல்ல இன்று எனக்குக் கை எழவில்லை.

நம் தொழிலாளர் சங்கச் செயலாளர் யுவனேஸ்வரி “நம்மிடையே இல்லை” என்று இந்த இரங்கல் கூட்டத்தில் மேனேஜர் சற்றுமுன் அழகாகச் சொன்னார். ஏன் இல்லை? அதைச் சொன்னாரா?

மூன்றாவது லைன் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் யாரால் வந்தது? தானா ராத்தா டவுனில் மாவட்ட அலுவலக பெஞ்சில் நான்கு நாள் உட்கார்ந்து, “கையெழுத்துப் போடாட்டி இங்கேயே சமைச்சுச் சாப்பிடுவேன்லா” என்ற யுவனேஸ்வரியால்! சிரிக்கிறீர்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் சண்டை போடுவார்.

அவருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய். மூன்று வருடமாக மாத்திரை சாப்பிட்டார். கர்ப்பத்திலும் டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தார். பெண் குழந்தை நலமாகப் பிறந்தது. வீட்டுக்கு வந்ததும் டிரெசர் என்ன சொன்னார்?

“பால் குடுக்கிறியே, மாத்திரையை நிப்பாட்டு. பிள்ளைக்கு ஆகாது.”

டாக்டரைக் கேட்டீர்களா, முருகையா? ஒரு போன் போட்டீர்களா?

யுவனேஸ்வரி நம்பி நிறுத்தினார். பிள்ளை பெற்ற பதினெட்டாம் நாள் காலை, பக்கத்து வீட்டுக்காரியான நான் உள்ளே போனேன். அந்தக் குளிரில் அவருக்கு வேர்வை ஊற்றியது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கை நடுங்கியது. “திலகம்க்கா, நெஞ்சு படபடன்னு அடிக்குது, நிக்கவே மாட்டேங்குது” என்றார். கொஞ்ச நேரத்தில் என்னையே யாரென்று கேட்டார்.

ஆம்புலன்ஸ் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. கிளினிக்குக்கு ஓடினேன். “பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும். காய்ச்சலுக்குப் பனடோல் குடு” என்றார் இந்த முருகையா. ஆபீசுக்கு ஓடினேன். “தோட்ட வேன் டூரிஸ்டுக்குப் போவுது, மத்தியானம் பார்க்கலாம்” என்றார் இந்த மேனேஜர். கணவர் ஹரிதாஸ் திரிங்காப் பூந்தோட்டத்தில் லோரியில் பூ ஏற்றிக்கொண்டிருந்தார். நெரிசலில் லோரியோடு வந்து சேர இரண்டு மணி நேரம்! அதுவரை நான் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “மாத்திரையை நிப்பாட்டச் சொன்னது யாரு? பால் குடுக்கும்போதும் அளவாச் சாப்பிடலாமே!”

தைராய்டு கட்டுமீறினால் பிள்ளை பெற்றவளை ஒரே நாளில் கொன்றுவிடும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொழுந்தெடுப்பவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். மருந்து கொடுப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாமா? ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் யுவனேஸ்வரியின் இதயம் நின்றது.

இங்கே பேசுகிற பேச்சா இது என்று முறைக்கிறீர்கள், மேனேஜர் அவர்களே. வேறு எங்கே பேசவிட்டீர்கள்?

யுவனேஸ்வரி விட்ட வேலையை இனி நாங்கள் செய்வோம். சாந்தினி, எழுந்து நில்லும்மா. இவளுக்கு ஏழு மாதம். கழுத்து வீங்கியிருக்கிறது, விரல் நடுங்குகிறது. போன வாரம் கிளினிக்கில், “மாசமா இருந்தா அப்படித்தான்” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நாளைக் காலை பன்னிரண்டு பெண்களோடு நான் இவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். தைராய்டுக்கு ரத்தம் சோதிக்காமல் திரும்ப மாட்டோம்.

மேனேஜர் அவர்களே, எங்கள் அத்தனை பேருக்கும் நாளைக்கு ஆப்சென்ட் போட்டுக்கொள்ளுங்கள்!