சாருக்குச் செய்த மரியாதை

பொன்னாடை எடுக்க விருதுநகர் பஜாரில் நாலு கடை ஏறி இறங்கினேன். சாருக்குப் பச்சை நிறம் பொருந்தாது. கடைசியில் நல்ல அரக்கு நிறத்தில் ஒன்று கிடைத்தது. அதைப் போர்த்தும்போது யாராவது படம் எடுத்திருந்தால் எனக்கும் ஒன்று கொடுங்கள், இன்ஸ்பெக்டர்.

ஆளுமைச் சோதனைகளை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கனகசபாபதி சார். பட்டாசுத் தொழிலாளர்களுக்கென்றே அவர் ஒரு சோதனையை உருவாக்கினார். முதலில் முப்பது கேள்விகள். பிறகு ஆளைத் திரி சுற்ற வைத்துவிட்டு, வெளியே ஒரு வெடியைப் போடுவார். சத்தத்துக்குப் பிறகு வேகமாகும் கைக்கு 'அவசரக் கை' என்று பெயர். அப்படிப்பட்டவரை வெடிமருந்து கலக்கும் அறைக்குள் விடக் கூடாது. எம். புதுப்பட்டியில் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக அந்தச் சோதனையை நான்தான் செய்துவந்தேன். நான் 'தகுதி' என்று எழுதாமல் அங்கே யாரும் மருந்தைத் தொட முடியாது. ஆறு வருடத்தில் ஒரு விபத்துகூட இல்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. சிறந்த வழிகாட்டி விருதுக்கு சாரின் பெயரை அனுப்பியபோது குழுவில் ஒருவர் கேட்டார்: அவசரக் கை என்று ஒதுக்கப்பட்டவர் எவரும் அந்த அறைக்குள் போனதே இல்லை, போயிருந்தால் வெடித்திருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? நியாயமான கேள்வி. சாரிடம் சொன்னேன். அந்த ஆதாரம் கிடைக்காமல் இருப்பதுதான் நல்லது என்று சிரித்தார். அடக்கம் அவருக்குப் பிறவிக் குணம். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. எழுபத்தொரு வயதாகிறது, இனி எப்போது கொடுப்பார்கள்?

சங்கிலிமுத்து காகிதக் குழாய் சுற்றுபவர். அவருடையதைப் போன்ற அவசரக் கையை நான் பார்த்ததில்லை. அவர் தாளில் 'தகுதி' என்று எழுதினேன். மறுநாள் அவரே என்னைத் தேடி வந்தார்.

"மேடம், எனக்குக் கை நிக்காது. சத்தம் கேட்டாலே பரபரன்னு வருது. குழாய் சுத்துற எடத்துலயே இருந்துக்கிடுதேனே."

"சோதனை பொய் சொல்லாதுண்ணே. பயப்படாம போங்க."

கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றே, 'சங்கிலிமுத்து, அவசரக் கை. பத்து வேலை நாட்களுக்குள் வெடிக்கும்' என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, ஓர் உறைக்குள் வைத்து ஒட்டினேன்.

தினமும் காலை ஒன்பதே காலுக்கு மைதானத்தில் ஒரு சாம்பிள் வெடி போடச் சொன்னது நான்தான். சாருடைய சோதனையில் வெடி உண்டு, முறையை மாற்றக் கூடாது. ஆறு நாள் அவர் கை தாங்கிவிட்டது. எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏழாம் நாள் சாம்பிள் வெடித்த சில நொடிகளில் அறையும் வெடித்தது.

நாலு சுவரும் படுத்துவிட்டன. சங்கிலிமுத்துவின் மனைவி குருவம்மாள் கஞ்சி வாளியோடு வாசலில் நின்றிருந்தாராம். கழுத்துக்கு மேலே எதுவும் மிஞ்சவில்லை. அவருக்கு நான் சோதனை செய்ததில்லை, அதனால் விருதுக் குழுவுக்கு அனுப்பிய கட்டுரையில் அவரைச் சேர்க்கவில்லை. சங்கிலிமுத்துவின் வலது கை வேப்பமரத்தடியில் கிடந்தது. எல்லோரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். நான் குனிந்து விரல்களைப் பார்த்தேன். கருகித் தோல் உரிந்திருந்தாலும் ஐந்தும் அவசரத்தில் எதையோ இறுக்கிப் பிடித்தபடிதான் இருந்தன. சார் சரியாகவே கணித்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவசரக் கைக்காரர் ஒருவர் தவறுதலாக உள்ளே போய்விட்டார் என்று குழுவுக்கு எழுதினேன். விருது உறுதியாயிற்று. உறையை மட்டும் மேடைக்கென்று வைத்திருந்தேன். பொன்னாடை போர்த்திவிட்டு அதைப் பிரித்து, எல்லோர் முன்னாலும் வாசித்தேன். சார் அந்தத் தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் அனுப்புனியாம்மா?"

"உங்களுக்காகத்தான் சார்."

பொன்னாடை நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல் மேடையிலேயே உட்கார்ந்து அழுதார். உங்களுக்குப் போன் செய்தவரும் அவர்தான். என் ஆய்வு அரசாங்கப் பதிவில் ஏறட்டும் என்று நினைத்திருப்பார்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டேன். தெரிந்தே இரண்டு பேரைக் கொன்றேன் என்பது சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஓர் இடம் மட்டும் தவறாக இருக்கிறது. சார் வேதனையில் அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பெருமையில் என்று திருத்திவிடுங்கள்.