பதினொரு நிமிடம் பின்னால்

கம்ப்யூட்டர் உள்ளே விடவில்லை என்றால் பத்தில் ஒன்பது பேர் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதே பாஸ்வேர்டை இன்னும் பலமாக அடிப்பார்கள். ஓங்கிக் குத்தினால் அதற்குக் காது கேட்கும் என்ற நினைப்பு. இந்த ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். பெரிய டாக்டரும் அப்படித்தான், வாசலில் சீட்டு எழுதுகிறவரும் அப்படித்தான்.

நீங்கள் கேட்டது வியாழக்கிழமையைப் பற்றி. ஆனால் கதை திங்கட்கிழமை தொடங்குகிறது. அன்று காலை தலைமைக் கம்ப்யூட்டரின் தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், செத்துப்போனது. எல்லோருடைய பெயரும் பாஸ்வேர்டும் அதற்குள்தான் இருந்தன. புதுத் தட்டு வாங்கிப் போட்டு, பழைய நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு எடுத்தேன். இரண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை. புதன்கிழமை காலை எல்லாம் எழுந்து நின்றது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்ப்பதும் இல்லை. ஓடும்போது என்னை யாருக்கும் தெரியாது, நின்றால்தான் என் ஞாபகம் வரும்.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. வார்டுதோறும் மருந்து அலமாரி ஒன்று இருக்கிறதல்லவா, கண்ணாடிக் கதவு போட்டு, பக்கத்தில் சின்னத் திரையோடு? போதை தரக்கூடிய மருந்துகள் அதற்குள்தான் இருக்கும். நர்ஸ் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால்தான் திறக்கும். புதன்கிழமை காலை எட்டு வார்டிலும் அது திறக்கவில்லை. பாஸ்வேர்டைப் பார்த்தேன், சரி. ஒயரைப் பார்த்தேன், சரி. பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். ரிப்பேருக்குப் பிறகு அலமாரிகளின் கடிகாரம் பதினொரு நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தலைமைக் கம்ப்யூட்டர் அந்த அலமாரியையே நம்பாது. சரியான பாஸ்வேர்டை அடித்தாலும் ‘அனுமதி இல்லை’ என்றுதான் வரும். நேரத்தைத் திருத்தினால் போதும். என் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் ஒரு அலமாரிக்கு இரண்டு நிமிடம்.

ஏழு அலமாரிகளைத் திருத்தினேன்.

எட்டாவது, நாலாம் மாடி அலமாரி. அந்த வார்டின் தலைமை நர்ஸ் என் மனைவியின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் அவருக்கு நான் மாப்பிள்ளை, வார்டில் ‘கம்ப்யூட்டர்’. ‘கம்ப்யூட்டர் வந்தாச்சா? கம்ப்யூட்டரக் கூப்பிடு.’ இந்த வேலைக்கு எனக்காகப் பேசியவர் அவர். அதை அவரும் மறந்ததில்லை, என்னையும் மறக்க விட்டதில்லை.

புதன்கிழமை காலை அலமாரியைப் பார்க்க நான் மேலே போனபோது அவரைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ரெண்டு நாளா உள்ள உக்காந்து என்னதான் பண்ணீங்க? என் தங்கச்சி முகத்துக்காக அன்னிக்கு வாயத் திறந்தேன். மூடிக்கிட்டு இருந்திருக்கணும்.”

சின்ன நர்ஸுகள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் வேறு பக்கம் பார்த்தாள். அவள் முகத்தைத் திருப்பியதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தச்சர் படுத்திருந்தார். ஏணியிலிருந்து விழுந்து தலையில் தையல் போட்டிருந்தது. நான் பக்கத்தில் போனபோது மெதுவாகச் சொன்னார்: “விடுங்க சார். கதவு கீச்சுன்னாலும் தச்சனத்தான் திட்டுறாங்க.” நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் என் அறைக்கு வந்து மற்ற ஏழையும் திருத்தினேன். நாலாம் மாடியைத் தொடவில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று இருந்தது. மதியம் அக்கா போன் செய்தார். “அலமாரி திறக்கல” என்றார். “உங்க வார்டுல எல்லாரும் பாஸ்வேர்ட தப்பா அடிச்சு வச்சிருக்கீங்க. விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க” என்றேன். அப்படி ஒரு விண்ணப்பமே கிடையாது. அனுப்பினார். தேதி இல்லை என்று திருப்பி அனுப்பினேன். தேதி போட்டு அனுப்பினார். மேலதிகாரியின் கையெழுத்து இல்லை என்று திருப்பினேன். அதுவரை மூன்றாம் மாடி அலமாரியிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆக, நான் யாரையும் மருந்தில்லாமல் விட்டுவிடவில்லை. படி ஏறி இறங்க வைத்தேன், அவ்வளவுதான். அவருக்கு மூட்டுவலி உண்டு.

வியாழக்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்கு அந்தத் தச்சருக்கு வலிப்பு வந்தது. நிற்கவில்லை. அதை நிறுத்தும் ஊசி அலமாரிக்குள் இருந்தது. மூன்றாம் மாடியில் அந்த மருந்து அன்று காலையே தீர்ந்திருந்தது. அவசரச் சாவி மருந்தகத்தில் இருக்கும், மருந்தகக்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

யார் எந்த அலமாரியில் என்ன அடிக்கிறார்கள் என்பது என் திரையில் வரும். நாலாம் மாடி, அக்காவின் பெயர், அனுமதி இல்லை. மறுபடியும் அனுமதி இல்லை. பதினான்கு வரிகள். ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒவ்வொரு வரிக்கும் என் புதன்கிழமைக் கோபம் கொஞ்சம் இறங்கியது. போன் ஆறு முறை அடித்தது. போன் வேறு அறையில் சார்ஜில் இருந்தது என்று உங்களிடம் முன்பு சொன்னேன். அது உண்மையில்லை. மேசைமேல், என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ஏழாவதாக ஒரு செய்தி வந்தது. ‘பேஷண்டுக்கு வலிப்பு. மருந்து எடுக்கணும். தயவுசெஞ்சு மாப்ள.’

மூன்று முறை படித்தேன். இத்தனை வருடத்தில் அவர் எனக்கு ‘தயவுசெஞ்சு’ சொன்னதில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். ஒன்பது நிமிடம். செய்தி வந்த நேரமும் நான் கடிகாரத்தைத் திருத்திய நேரமும் பதிவில் இருக்கின்றன, ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நான் திருத்துவதற்குள் அவர் தீயணைப்பு உருளையால் கண்ணாடியை உடைத்துவிட்டார். உள்ளங்கை கிழிந்து, அந்தக் கையாலேயே ஊசி போட்டிருக்கிறார். தாமதமாகிவிட்டது, தச்சர் பிழைக்கவில்லை. அவர் மனைவி கட்டிலடியில் அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. உடைந்த கதவுக்குச் சேத அறிக்கை எழுத வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியின் விசாரணைக் குழு வந்து பார்த்தபோது கடிகாரம் சரியாக இருந்தது. அதை எப்போது திருத்தினேன் என்ற பதிவை யாரும் கேட்கவில்லை. அவர்கள் பார்த்தது பதினான்கு தவறான முயற்சிகளை மட்டும். பதட்டத்தில் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துவிட்டார் என்று எழுதி அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். என் மனைவி அழுதாள். “அக்கா தப்பா அடிச்சிருக்குமா? அது அவ மகளோட பிறந்த தேதிங்க, எப்படி மறக்கும்?” என்றாள். “பதட்டத்துல யாருக்கும் வரும்” என்று தேற்றினேன். அக்கா வீட்டுக்கும் போய்வந்தேன். கைக்கட்டோடு கதவைத் திறந்தார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அதோடு முடிந்திருக்கும். நானாக வந்து ஏன் இதையெல்லாம் சொல்கிறேன் என்று உங்களுக்கு ஆச்சரியம். மனசாட்சி உறுத்தியது என்று போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் பொய்யில்லை. தச்சரின் குடும்பம் தெருவில் நிற்கிறது, எனக்குத் தெரியாதா?

ஆனால் நேற்று நீங்கள் அக்காவின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அலமாரி விற்ற நிறுவனத்தின் ஆள் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாராம். நான் வேண்டுமென்றே விட்டிருப்பேனா என்று நீங்கள் கேட்டதற்கு அக்கா சொல்லியிருக்கிறார்: “அவரு கெட்டவர் இல்ல, என் தங்கச்சி புருஷன். அந்தக் கடிகார விஷயமெல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்காது. பாவம், தெரியாமத்தான் விட்டிருப்பாரு.”

இரவெல்லாம் அது காதிலேயே நின்றது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஒன்றே ஒன்று. உங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ‘தொழில் அறியாமையால்’ என்று அடித்து வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். எனக்கு என் வேலை நன்றாகத் தெரியும்.