ஏலகிரிச் சருகு

மின்விசிறியை நிறுத்தச் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேடம். பூஞ்சை வளர்க்கிறவர்களுக்குக் காற்று ஆகாது. எங்கிருந்தாவது ஒரு வித்து பறந்து வந்து விழுந்தால் போதும், வளர்க்கிற தட்டு முழுக்கப் பாழ்.

நானும் பொன்மலரும் ஒரே கல்லூரியில் ஆராய்ச்சி மாணவிகள். விடுதியிலும் ஒரே அறை. காட்டுச் சருகில் வாழும் சில பூஞ்சைகள் கிருமிகளைக் கொல்லும் மருந்தைத் தாமே சுரக்கும். அதைத் தேடுவதுதான் எங்கள் வேலை. ஏலகிரிக்குச் சேர்ந்தே போவோம், மக்கிய இலைகளைப் பொறுக்கி வருவோம். ஒருமுறை என் பை நிறைந்துவிட்டதால் ஒரு நாவல் இலையை அவள் பையில் போட்டேன். எடுத்தவள் நான். இதை இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் ஆறாத புண்களிலிருந்து எடுத்த கிருமிகளை எங்கள் ஆய்வகத்தில் வளர்த்து வந்தோம். அதில் ஒன்று எந்த மருந்துக்கும் அசையாது. அவள் பையில் இருந்ததால் அவள் பெயரிலேயே பதிவான அந்த நாவல் இலையில் வந்த பூஞ்சையைச் சுற்றி மட்டும் அது வளரவில்லை. கோட்டை கட்டிய நிலா மாதிரி ஒரு வெள்ளை வட்டம்.

எங்கள் பேராசிரியர் கிறிஸ்துராஜ் சார் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அசத்திட்டம்மா பொன்மலர்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் கூடவே இருந்து கத்துக்கோ, மோகனா" என்றார். நான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அவள் தலை வாருவதை, ஜெபம் செய்வதை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் முன்போலத்தான் செய்தாள். அதுதான் தாங்கவில்லை.

ஒரு நாள் குடுவை உடைந்து அவள் வலது உள்ளங்கை கிழிந்தது. "நீயே கட்டுடி. நர்ஸ் அக்காகிட்ட போனா ஜாஸ்தி திட்டுவாங்க" என்றாள். காயத்தை நன்றாகக் கழுவினேன். கட்டுத்துணியை வெட்ட அடுத்த மேசைக்குப் போனேன். அங்கே அந்த அசையாத கிருமியின் தட்டு இருந்தது. துணியை அதில் ஒற்றி எடுத்து வந்து கட்டினேன்.

கொஞ்ச நாள் காய்ச்சலில் படுத்திருப்பாள், நான் என் வேலையில் முன்னே போகலாம், அவ்வளவுதான் நினைத்தேன்.

ஆனால் காயம் ஆற ஆரம்பித்தது. கட்டு மாற்றும்போது, "உன் கை ராசிடி" என்றாள். அன்றைக்குத் துணியை இன்னும் அழுத்தி ஒற்றினேன்.

பிறகு கை வீங்கியது, கறுத்தது. ஆஸ்பத்திரியில் எந்த ஊசியும் கேட்கவில்லை. அவள் பூஞ்சையைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று நான்கூடக் கேட்டேன். "அது மருந்தா மாற இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்மா" என்று சார் அழுதார். முழங்கைக்கு மேலே கையை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அவள் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். "நீ இல்லன்னா எம் பொண்ணு இன்னா ஆயிருப்பா" என்றார்.

கிருமித் தட்டில் துணியின் நெசவு பதிந்திருப்பதை சார் கவனிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம், மேடம். நான்தான் செய்தேன், இரண்டு முறையும்.

ஆனால் வாக்குமூலத்தில் பொறாமை என்று எழுதாதீர்கள். இடது கையால் ஸ்பூன் பிடிக்க வராமல் அவள் தவித்தபோது நான்தான் ஊட்டிவிட்டேன். சோறெல்லாம் சிந்தியது. என் மனசு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அவள் மேல் பொறாமை இருந்தால் அப்படி இருக்குமா?