என் ஷெல்லுல கை வெச்சது யாரு?

...இல்ல தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேருக்குன்னு வந்துட்டு கீபோர்டைத் தட்டித் தட்டிப் பாத்து என்ன புண்ணியம்? மெஷின் நல்லாத்தான் இருக்கு. கோளாறு அதோ, அந்த ரூமுக்குள்ள மேனேஜர் முன்னாடி நின்னு பதில் சொல்லிட்டிருக்கு. என் நாத்தனார்! ஒரே ஆபீஸு, பக்கத்து சீட்டு. எனக்குன்னு வாய்ச்சது அப்படி.

பஸ்ஸுக்கு டைம்டேபிள் போடுறது லேசுப்பட்ட வேலைன்னு நெனைக்காதீங்க. பாலத்தை மூடிட்டாங்களா, எல்லா வண்டியும் சுத்திக்கிட்டுப் போகுது. நான் ஒண்டியா உக்காந்து, ஒவ்வொரு வண்டிக்கும் பயண நேரத்தைக் கூட்டிப் போட்டு, புது ஃபைலா சேவ் பண்ணி வெச்சேன். மறுநாள் வந்து, கமாண்டு அடிக்கிற இந்தக் கறுப்புத் திரை ஷெல்லைத் திறந்தா... பழைய நேரம்! திரும்ப மாத்தறேன். மறுநாள் வந்தா திரும்பப் பழசு! கடைசியில பாலம் திறந்திருக்கிற மாதிரியே டைம்டேபிள் வெளிய போயிடுச்சு. டிரைவருங்க வந்து, "பறந்தா போகச் சொல்றீங்க?"ன்னு இந்த மேசையைத் தட்டிக் கேக்கறாங்க தம்பி. என்னைய! இத்தனை வருஷ சர்வீஸ்ல!

யாரு வேலைன்னு எனக்குத் தெரியாதா? என் பாஸ்வேர்டு என் பையன் பிறந்தநாள். அத்தைக்காரிக்கு அது தெரியாம இருக்குமா? வயித்தெரிச்சல், வேறென்ன. மத்தவங்க ஷெல்லைத் திறந்தா மொட்டையா ஒரு கோடு மினுக்கும். என்னுது அப்படியா? திறந்ததும் தானா ஓடுற மாதிரி ஸ்டார்ட்டப் ஃபைல் நானே எழுதி வெச்சிருக்கேன். "வாங்க மகராணி"ன்னு மஞ்சள் எழுத்துல கூப்பிடும். நீட்டி முழக்கற கமாண்டுக்கெல்லாம் ரெண்டெழுத்துல செல்லப் பேரு. வந்தோமா, உக்காந்தோமா, வேலையப் பாத்தோமான்னு இருக்கலாம்.

அவ என்ன சொன்னா தெரியுமா? "அண்ணி, அந்த ஃபைல்ல என்னென்ன எழுதியிருக்கீங்கன்னு ஒருதரம் பாத்துடுங்களேன்"னு. நான் எழுதினத நான் பாக்கணுமாம்! வந்துச்சே கோவம்... நேரா மேனேஜர்கிட்ட போயிட்டேன். இன்னைக்கே சீட்டைக் கிழிச்சுடுவாங்கன்னு பேசிக்கறாங்க. எங்க வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்காரு, தங்கச்சிய மாட்டி விட்டுட்டேனாம். இருக்கட்டும், எத்தனை நாளைக்கு?

என்ன தம்பி, அப்படி உத்துப் பாக்கறீங்க? ஓ, என் ஸ்டார்ட்டப் ஃபைலா! பாருங்க, நல்லாப் பாருங்க. மேல இருக்கறது கலரு. அடுத்தது வரவேற்பு. அப்புறம் செல்லப் பேருங்க... எது, இந்த வரியா? அது ரொம்ப உபயோகம் தம்பி. தினமும் எவ ஃபைலைத் தேடிட்டிருப்பான்னு, ஷெல்லு திறக்கும்போதே பயண நேரத்தை அதுவே எடுத்து வெச்சுக்கும். எந்த ஃபைல்ல இருந்தா? பேருதான் அங்கயே போட்டிருக்கே. அதான்... பாலம்... மூடறதுக்கு... முன்னாடி போட்ட... பழைய ஃபைலு...

ம்.

சார், கொஞ்சம் மெதுவாப் பேசலாமே. ஒரே ஒரு வரிதானே சார், இப்பவே அழிச்சிடறேன். ரிப்போர்ட்ல வைரஸ்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிட்டா யாருக்கு சார் நஷ்டம்? அவளும் தப்பிச்சா, நானும் தப்பிச்சேன். எதுக்கு சார் போன்ல படம் எடுக்கறீங்க? உக்காருங்க, ஒரு டீ சொல்றேன்... சார்! வாசல் இந்தப் பக்கம். அது மேனேஜர் ரூமு... ஐயோ, சொல்றதுதான் சொல்றீங்க, அவளை வெளிய அனுப்பிட்டுச் சொல்லுங்க சார்!