சந்தனம் பூசிய தட்டும் தலைவரின் கவிதைகளும்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அண்ணன் இராஜமாணிக்கம் அவர்களே, பக்கத்து அடுகோடியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அன்புச் சகோதரி மமதா அவர்களே, முன்வரிசையில் முறுக்கோடு வீற்றிருக்கும் பெரியோர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் ஈஜிபுராவின் தாய்மார்களே, தலைதாழ்ந்த வணக்கம்.

இன்று நம் தமிழ் மன்றம் மகளிருக்கான இலவசக் கணினி வகுப்பைத் திறக்கிறது. கணினி எத்தனை? ஒன்று. அந்த ஒன்றும் போன வாரம் நீலத்திரை காட்டி நின்றுவிட்டது. அணைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கான குறுந்தட்டு எங்கே? பீரோவில் இருந்தது. எப்படி இருந்தது? மங்களகரமாக இருந்தது. ஆயுத பூஜையன்று நம் தலைவர் கணினிக்குப் பொட்டு வைத்தார், விசைப்பலகைக்கு வைத்தார், மௌஸுக்கும் வைத்தார். தட்டை மட்டும் விடுவாரா? பளபளக்கும் பக்கமாகப் பார்த்துச் சந்தனத்தை அள்ளிப் பூசினார். யாரம்மா அங்கே சிரிப்பது? பக்திதானே. துடைத்தோம், கழுவினோம், கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

அப்போது வந்தார் அன்னம்மாள். தையல் ஆலையில் நாளெல்லாம் நின்றபடி நூல் பிசிறு வெட்டுகிறவர். "சார், டைப்படிக்கக் கத்துக்கிட்டா ஆபீஸ்ல உக்கார்ற வேலை தர்றேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. கிளாஸ் உண்டுதானே?" என்றார். உடனே மமதாவை அழைத்தேன்.

"டென்ஷன் பேடா சார், கவலை வேண்டாம். டிஸ்க் இல்லாட்டியும் ஆகும். கம்பெனிக்காரன் விண்டோஸை ஒரு காப்பி கம்ப்யூட்டருக்குள்ளயே மறைச்சு வெச்சிருக்கான். ஒரு பட்டனை அமுக்குனா போதும். ஆனா நீங்க சேத்து வெச்சது எல்லாம் அழிஞ்சிடும். பரவாயில்லையா?" என்றார்.

உள்ளே இருந்தது என்ன? தலைவரின் கவிதைகள். ஆண்டாண்டாய் எழுதியவை. இதே மேடையில் இன்று அரங்கேற இருந்தவை. வேறு பிரதி இல்லாதவை. தலைவர் திரையைப் பார்த்தார். அன்னம்மாளைப் பார்த்தார். கண் கலங்கியது. "போகட்டும்மா, அமுக்கு" என்றார். மமதா அமுக்கினார்; கணினி பிழைத்தது, கவிதைகள் போயின.

எழுதித் தமிழுக்குத் தொண்டு செய்தவர்கள் ஏராளம். எழுதியதை இழந்து தொண்டு செய்தவர் யார்? நம் தலைவர். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். நின்று தேய்ந்த ஒரு பெண் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று தன் கவிதை அத்தனையையும் விட்டுக்கொடுத்தாரே, அந்த மனம் யாருக்கு வரும்? எத்தனை பேருக்கு வரும்?

என்ன தலைவரே? எல்லாம் மனப்பாடமாக இருக்கிறதா? இப்போதே சொல்லப் போகிறீர்களா?

அன்னம்மாள், ஓடி வந்து கணினியை இயக்கும் பொத்தானை அழுத்துங்கள். வகுப்பு தொடங்கிவிட்டது. மமதாவுக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, ஒலிவாங்கியைக் கையோடு எடுத்துக்கொண்டு விடைபெறுகிறேன். வணக்கம்.