பதினோரு சென்டிமீட்டர்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, சார். முப்பத்து மூன்று வயதாகிறது, இன்னும் தெரியாது. ஸ்கூட்டியில் யாராவது பின்னால் உட்காரச் சொன்னால்கூட பயம்தான். நிலாவில் இறங்குகிற வண்டிக்குப் படம் போடுகிறவள் போடி பஸ் ஸ்டாண்டு போக ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறாள் என்று எங்கள் பட்டறையில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும்.

அவசரமில்லையே? எழுதுகிறவரும் நிதானமாக எழுதட்டும். ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்திருக்கிறேன், எங்கேயும் ஓடப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் இந்த ஒரு வாரமாக மனசு துள்ளிக்கொண்டே இருக்கிறது. துக்க வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு அதை அடக்கிவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

என் பெயர் பானுப்பிரியா. அப்பா காசிமாயன், தேவாரத்தில் விவசாயம். நான் பெங்களூரில் ராக்கெட் செய்கிற ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தேன். அங்கே என் வேலை ஒரு வால்வு. ஆறு வருஷமும் அதே வால்வு. ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது, முழு வண்டியையும் நானே செய்தால் என்ன என்று தோன்றியது. அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மலையடியில் அப்பாவுக்கு எட்டு ஏக்கர் உண்டு. மக்காச்சோளம் போட்டால் யானை விடாது, அதனால் தரிசாகக் கிடந்தது. அதில் ராக்கெட் விடப்போகிறேன் என்றதும் அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "யானையாச்சும் வயிறு நெறஞ்சா போயிரும்" என்றார்.

ஜஹாங்கீர் அண்ணனைப் பற்றித்தானே நீங்கள் கேட்கிறீர்கள். வருகிறேன். தேவாரம் ரோட்டில் அவருக்கு லேத் பட்டறை. ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர்களுக்கு பர்னர் செய்து கொடுப்பார். ராக்கெட் என்ஜின் படத்தை அவரிடம் கொண்டுபோய் விரித்தேன். தலைகீழாக வைத்து ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு, "ஏத்தா, இது நம்ம ஸ்டோரு பர்னருதான? என்ன, கொஞ்சம் கோவக்கார பர்னரு" என்றார். அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போனது. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. அவர் மனைவி மதீனாவை மதினி என்று கூப்பிடுவேன். பேரும் முறையும் ஒண்ணாக் கேக்குது என்று அவர்கள் வீட்டில் ஒரே சிரிப்பு.

முதல் வருஷம் பன்னிரண்டு அடி ராக்கெட். எல்லா அனுமதியும் வாங்கித்தான் விட்டோம், கடிதங்களை உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன். மூன்று கிலோமீட்டர் போனது. அதன் சத்தம் உங்கள் வயிற்றுக்குள் நுழைந்து பல்வழியாக வெளியே வரும், சார். அண்ணன் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தார். நான் செம்மண்ணில் உருண்டேன். பாராசூட் நன்றாக விரிந்தது, ஆனால் காற்று அதை மலைக்கு அந்தப் பக்கம் தூக்கிப்போய்விட்டது. சாயங்காலம் கேரளா எஸ்டேட்டிலிருந்து ஒரு சூப்பர்வைசர் போன் செய்தார்.

"சேட்டா, நிங்ஙளோட நம்பரு எழுதின ஒரு சாதனம் இவிட ஏலத்தோட்டத்துல வீணு கெடக்கு. இது பொட்டுமோ?"

"பொட்டாது சேட்டா. அது பொட்டி முடிச்சுத்தான் அங்க வந்துருக்கு" என்றார் அண்ணன். பொட்டுவது என்றால் அவர்கள் பாஷையில் வெடிப்பது.

ஜீப்பில் போடிமெட்டு ஏறிப் போய் எடுத்துவந்தோம். அவர்கள் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொடுத்தார்கள். இறங்குகிற பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அண்ணன் 'பொட்டுமோ, பொட்டுமோ' என்று பாடிக்கொண்டே வந்தார். அப்படி ஒரு மனிதர்.

மேலே போவது பெரிதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சொன்ன இடத்தில் இறங்க வேண்டும். நிலாவில் போய் அங்கே விழுந்தது இங்கே விழுந்தது என்று ஜீப்பில் போய்த் தேட முடியாது. அதனால் இறங்குகிற வண்டி செய்தோம். நூற்றுப்பத்து கிலோ, நான்கு கால், நடுவில் என்ஜின். எண்பது மீட்டர் எழும்பி, பக்கவாட்டில் நகர்ந்து, மெதுவாக இறங்கும். கோழி என்று பெயர் வைத்தோம். அது எங்கே இறங்க வேண்டும் என்று சொல்ல ஒரு பெட்டி உண்டு. டிபன் கேரியர் அளவு, ரேடியோ சிக்னல் கொடுக்கும். சுண்ணாம்பில் வட்டம் போட்டு, நடுவில் ஆள் உயரத்துக்கு பிளாஸ்டிக் குழாயில் ஒரு ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் பெட்டியை வைப்போம். கோழி பெட்டியைத் தேடி வர வேண்டும்.

வந்தது. ஆனால் பதினான்கு முறையும் பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் தள்ளி, மேற்கே போய்த்தான் உட்கார்ந்தது. "வட்டத்துக்கு நடுவுல கட்டிலப் போட்டுத் தூங்கலாம்த்தா. அங்க மட்டும் வராது" என்பார் அண்ணன். ஒரு தடவை டீ கிளாஸோடு போய் நடுவில் நின்றேவிட்டார். நான்தான் சத்தம் போட்டு வெளியே இழுத்துவந்தேன். என்னைக் கவனமில்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது.

போன மாதம் சென்னையிலிருந்து செழியன் சார் பேசினார். அவர் கம்பெனி நிலாவுக்கு ஒரு வண்டி அனுப்பத் தயார் செய்கிறது. இறங்குகிற முறையை மட்டும் எங்களைப் போன்ற சின்ன ஆட்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறார்கள். ஒரு மீட்டருக்குள் இறக்கிக் காட்டினால் எங்களுடையதையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வியாழக்கிழமை வருவார்கள், மத்தியானம் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு முடியாவிட்டால் வேறொரு ஊர்க்காரர்களைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் மதினி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு கண்ணில் பட்டது. ஒரே ஒரு குறி. பிளஸ் போட வேண்டிய இடத்தில் மைனஸ். அதை மாற்றிப் பழைய பதினான்கு ஓட்டத்தையும் கம்ப்யூட்டரில் திரும்ப ஓட்டினேன். பதினான்கும் அரை மீட்டருக்குள் வந்து உட்கார்ந்தன. சோற்றுக் கையோடு விழுந்து விழுந்து சிரித்தேன்.

"என்னத்தா, தானா சிரிக்கிற?" என்றார் மதினி.

"ஒண்ணுமில்ல மதினி, ஒரு கோடு."

அண்ணன் அப்போது உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவர் கண்ணாலேயே பார்த்துத் திகைக்கட்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை சொல்லாததற்குக் காரணம் இதுதான். வியாழக்கிழமை சொல்லாததற்குக் காரணம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள், கலந்துவிட வேண்டாம்.

வியாழன் காலையில் போனால் யானை வந்துபோயிருக்கிறது. ஸ்டாண்டை மிதித்துத் தகடாக்கிவிட்டது. செழியன் சாரும் கூட வந்த இரண்டு பேரும் யானைக் கால்தடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், திருவிழாவுக்கு வந்த பிள்ளைகள் மாதிரி. பெட்டி ஜீப்பில் இருந்ததால் தப்பியது. தரையில் வைத்தால் வரப்பு மறைக்கும், சிக்னல் கெடும்.

"ரெண்டு மணி நேரம் குடுத்தா வெரசா ஒரு ஸ்டாண்டு அடிச்சுக் கொண்டாந்துர்றேன்" என்றார் அண்ணன்.

மணி ஒன்பது. பத்துக்கு மேல் கணவாய்க் காற்று இறங்க ஆரம்பித்தால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. அதைச் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப நானே புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எப்பிடியும் அது மேக்கதான போயி உக்காரப்போகுது?"

"ஆமாண்ணே" என்றேன்.

இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். அவர் கேட்டார், நான் ஆமாம் என்றேன். மேற்கே போகாது என்று எனக்குத் தெரியும்.

அவரிடம் ஒரு ஏற்பாடு சொன்னேன். கோழி இருபது மீட்டர் உயரத்துக்கு இறங்கியதும் வாக்கிடாக்கியில் 'விடு' என்பேன், அவர் பெட்டியைப் போட்டுவிட்டுக் கிழக்கே ஓடிவிட வேண்டும். "நீ சொன்னாச் சரித்தா" என்றார். ஆள் நிற்கலாமா என்று செழியன் சார் கேட்டார். வழக்கமாகச் செய்வதுதான் என்றேன். அதுவும் பொய்.

நாங்கள் முந்நூறு மீட்டர் தள்ளி மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்தோம். ஒன்பது இருபத்தைந்துக்குப் பட்டனை அழுத்தினேன். எப்படிச் சொல்வேன், சார். பதினான்கு தடவையும் குடித்தவன் மாதிரித் தள்ளாடிப் போன கோழி அன்றைக்கு நூல் பிடித்த மாதிரி எழும்பியது. எண்பது மீட்டரில் நின்றது. மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு திரும்பி வட்டத்தின் மேல் வந்தது, மேலேயே வந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை. இறங்க ஆரம்பித்தது. ஐம்பது, நாற்பது, முப்பது.

வாக்கிடாக்கியில் அண்ணன் குரல். "ஏத்தா, நேரா வருதுத்தா! நேரா என்கிட்டயே வருது!"

பயந்த குரல் இல்லை அது. ராக்கெட் விட்ட அன்றைக்குத் தொப்பியை எறிந்தாரே, அந்தக் குரல்.

இருபது மீட்டர். அங்கிருந்து தரைக்கு நான்கு விநாடி. நான்கு விநாடி நிறைய நேரம், சார். 'விடு' என்று சொல்ல ஒரு விநாடி போதும். என் இடது கைக்குக் கீழே இன்னொரு பட்டனும் இருந்தது, அழுத்தினால் கோழி பதினைந்து மீட்டர் ஒதுங்கிப் போய் இறங்கும். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன், குழப்பமே இல்லை. பெட்டியைக் கீழே போட்டால் சிக்னல் வரப்புக்குள் போய்விடும், கோழி நான்கைந்து மீட்டர் அலையும். ஒதுக்கினால் பதினைந்து மீட்டர். அவர் அசையாமல் பிடித்திருந்தார். அவ்வளவு அழகாகப் பிடித்திருந்தார். நான் பேசவில்லை.

தூசி எழும்பியது. அது கொஞ்சம் அடங்கியபோது கோழி நான்கு காலிலும் நேராக நின்றுகொண்டிருந்தது. செழியன் சார் கைதட்டினார். நான் குதித்தேன், அவர் கூட வந்த பெண்ணைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். "அவர் எங்கே?" என்று சார் கேட்டார். அந்தப் பக்கம் ஓடிட்டார் என்றேன். எரிபொருள் டேங்கில் அழுத்தம் இறங்கும்வரை ஓர் ஆள்தான் கிட்டே போகலாம் என்பது எங்கள் விதி. டேப்பை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

அண்ணன் கோழிக்கு அடியில் இருந்தார். மூச்சும் இருந்தது. பெட்டியை விடவே இல்லை, நெஞ்சோடு வைத்திருந்தார், அதனால் அளப்பதும் சுலபமாக இருந்தது. பெட்டியின் நடுவுக்கும் கோழியின் நடுவுக்கும் பதினோரு சென்டிமீட்டர். நம்ப முடியாமல் மூன்று தடவை அளந்தேன், நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன். அதன் பிறகுதான் கையை ஆட்டி ஆளைக் கூப்பிட்டேன். ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த ஏழு நிமிஷத்தைப் பற்றி ஏதோ சொன்னார். சாயங்காலம் அண்ணன் போய்விட்டார்.

உங்கள் காகிதத்தில் 'விபத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். செழியன் சார் கம்பெனியும் அதையே எடுத்துக்கொண்டு, கருவியில் கோளாறு இருக்கலாம், விசாரணை முடியட்டும் என்று கடிதம் போட்டிருக்கிறது. அந்த வார்த்தையைத் திருத்தத்தான் வந்தேன். விபத்து என்றால் கணக்குத் தவறியது என்று அர்த்தம். என் கணக்கு தவறவில்லை. எங்கே இறங்கும் என்று தெரியும், அங்கே அவர் இருப்பது தெரியும், இறங்கவிட்டேன். ஜீப்பில் ஒரு இரும்பு ஏணி இருந்தது, அதன் உச்சியில் பெட்டியைக் கட்டியிருக்கலாம். ஆனால் இரும்பு சிக்னலை முப்பது, நாற்பது சென்டிமீட்டர் இழுத்துவிடும். மனித உடம்பு அவ்வளவு இழுக்காது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், செழியன் சாருக்கு இது உபயோகப்படும்.

நேற்று மதினியைப் போய்ப் பார்த்தேன். அவரிடம் முதலில் சொல்ல வேண்டும் இல்லையா. இத்தா இருக்கிறார், புருஷன் இறந்தால் வீட்டுக்குள்ளேயே இருக்கிற துக்க காலம், வாசல் பக்கம் வருவதில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கடைசியாக அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டார். நேராக வருது என்று சந்தோஷமாகச் சொன்னார் என்றேன். 'விடு' என்று நான் சொல்லாததையும் சொன்னேன்.

"நீ விடுன்னு சொல்லியிருந்தா அவரு ஓடியிருப்பாராத்தா?"

"ஓடியிருப்பாரு மதினி. நல்லா ஓடியிருப்பாரு. அதனாலதான் சொல்லல."

மதினி என் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை மெதுவாக வாங்கிக்கொண்டு, எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விஷயம் தெரிந்தவர், சார். அத்தனை வருஷம் அண்ணனோடு இருந்தவர் இல்லையா, எனக்காக அவரும் சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.